குடிநீரும் எலும்பு நோயும்

மூட்டுவலி என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. ஆயினும் நம் நாட்டு மக்கள் நெடுங்காலமாக 'வாதம்' என்னும் ஒரே சொல்லுக்குள் காரணத்தாலும் போக்காலும் சிகிச்சையாலும் வேறுபட்ட பல நோய்களை அடக்கி வந்திருக்கின்றனர். முதுமையில் முழங்கால் குருத்தெலும்பு தேய்வதால் வருவது மூட்டுத் தேய்மானம். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால், கைவிரல்களின் சிறு மூட்டுகள் இரு பக்கமும் ஒருசேர வீங்கி, காலையில் நெடுநேரம் விறைத்து நிற்பது முடக்குவாதம். இது பெண்களை மிகுதியாகப் பற்றுகிறது. இளைஞர்களின் இடுப்பிலும் முதுகிலும் தொடங்கி முதுகெலும்பை ஒரே தண்டாக இறுக்கும் நோய் வேறு. இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து கால் பெருவிரலைத் திடீரெனத் தாக்கும் நோய் வேறு. தொண்டையில் தொற்றிய கிருமியின் விளைவாகச் சிறுவர்க்கு வரும் வாதக் காய்ச்சலோ மூட்டுகளில் சில நாள் தங்கிச் சென்றபின் இதய வால்வுகளைக் கெடுத்துவிடக் கூடியது. இவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவத்தில் தனித்தனி வழிகள் உள்ளன.

இவற்றுள் எதிலும் சேராமல், ஆனால் இவற்றுள் சிலவற்றைப் போலவே தோற்றம் காட்டும் எலும்பு நோய் ஒன்று நம் நாட்டில் உண்டு. அது கிருமியால் வருவதன்று, முதுமையால் வருவதன்று, பரம்பரையாக வருவதுமன்று. குடிக்கும் நீரில் கரைந்துள்ள புளோரைடு என்னும் உப்பினால் வருவது. அதன் பெயர் புளோரோசிஸ். முற்றிய நிலையில் அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் முழுமையாகத் தடுத்துவிட முடியும். தடுக்கும் பொறுப்பு மருத்துவரிடம் இல்லாமல் குடிநீர்ப் பொறியாளரிடமும் நிதி ஒதுக்குவோரிடமும் ஊராட்சியிடமும் இருக்கிறது. திட்டமிடுதலைக் கற்கும் மாணவரும் அதை நடத்தும் அலுவலரும் இந்நோயைத் தெரிந்துகொள்ள வேண்டியதன் காரணம் இதுவே.

நெல்லூரில் தொடங்கிய வரலாறு

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக விரிவாக ஆராயப்பட்டது அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். பொதிலி, தர்சி, கனிகிரி ஆகிய வறண்ட பகுதிகளில் உழவு மாடுகள் கால்கள் விறைத்து நடக்க இயலாமற் போவதை உழவர்கள் முதலில் கவனித்தனர். மனிதரிடமும் அதே விறைப்பு காணப்பட்டது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தின் இயக்குநராக இருந்த ஷார்ட்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இதற்குக் காரணம் கிணற்று நீரிலுள்ள புளோரைடே என்று கண்டு 1937-ஆம் ஆண்டில் 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழில் வெளியிட்டனர். அக்குழுவில் இருந்த சி. ஜி. பண்டிட் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார். அப்பகுதிகள் 1970-ஆம் ஆண்டில் புதிதாக அமைந்த பிரகாசம் மாவட்டத்திற்குள் சென்றன. 1945-ஆம் ஆண்டில் ஐதராபாத் சமஸ்தானத்தின் நல்கொண்டா மாவட்டத்திலும் இந்நோய் இருப்பதை மருத்துவர் தாவர் பதிவு செய்தார்.

ஆகவே நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே நோயும் தெரிந்திருந்தது, காரணமும் தெரிந்திருந்தது. அதற்குப் பின் வந்த எந்த ஐந்தாண்டுத் திட்டமும் அறியாமையைக் காரணமாகச் சொல்ல இயலாது.

எலும்பில் நிகழ்வது என்ன?

புளோரைடு மிகச் சிறிய அளவில் பற்சிதைவைத் தடுக்க உதவுகிறது. பற்பசைகளில் அது சேர்க்கப்படுவதும் அதனால்தான். அளவு மிஞ்சும்போதே அது தீங்காகிறது. உடலுக்குள் செல்லும் புளோரைடில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். வளர்ந்தவர் உடலில் ஏறக்குறையப் பாதி தங்கிவிடுகிறது; வளரும் குழந்தைகளின் உடலில் அதைவிட மிகுதியாகத் தங்குகிறது. அவ்வாறு தங்குவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பையும் பல்லையுமே சென்றடைகிறது. எலும்பின் உறுதிக்கு அடிப்படையான கால்சியப் படிகத்தில் உள்ள ஒரு கூறை விலக்கிவிட்டு அவ்விடத்தில் புளோரைடு அமர்ந்துகொள்கிறது. இதனால் எலும்பு அடர்த்தி பெறுகிறது. எக்ஸ்ரே படத்தில் வெண்மையாகவும் தடிப்பாகவும் தெரிகிறது. பார்வைக்கு வலிமை கூடியதுபோல் தோன்றும் அந்த எலும்பு உண்மையில் எளிதில் முறியக் கூடியது.

கேடு எலும்போடு நிற்பதில்லை. எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் தசைநார்களில் சுண்ணாம்பு படிகிறது. வளைந்து கொடுக்க வேண்டிய நார் கல்லாகிறது. கழுத்து திரும்பாது; முதுகு வளையாது; தோளுக்கு மேல் கை எழாது. முதுகெலும்பின் நடுவே தண்டுவடம் செல்லும் குழாய் சுருங்கிவிட்டால் நரம்பு நசுங்குகிறது. கால்கள் செயலற்றுப் போகின்றன. இந்த இறுதிநிலை ஒரு நாளில் வருவதன்று. பத்து, இருபது ஆண்டுகள் அந்நீரைக் குடித்தவர்க்கே வருகிறது. எனவேதான், உழைத்துக் குடும்பத்தைக் காக்க வேண்டிய நடுவயதில் அது ஆளை முடக்குகிறது.

குழந்தைகளிடம் நோய் முதலில் பல்லில் தெரியும். ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகும் காலமாகிய முதல் எட்டு ஆண்டுகளுக்குள் மிகுந்த புளோரைடு உட்சென்றால், முளைக்கும் பல்லில் சுண்ணாம்பு நிறக் கோடுகளும், பின்னர் மஞ்சளும் பழுப்புமான கறைகளும் தோன்றும். இக்கறை பல்லின் குறுக்கே கிடைக்கோடாக, இரு பக்கப் பற்களிலும் ஒத்துக் காணப்படும். புகையிலைக் கறையைத் தேய்த்து நீக்கலாம்; இது பல்லின் உள்ளேயே அமைந்தது. வெளியூரில் பிறந்து வளர்ந்து, திருமணமாகி அவ்வூருக்கு வந்த பெண்ணின் பற்கள் வெண்மையாகவே இருக்கும். ஆனால் அவர் எலும்புகள் தப்புவதில்லை. பல் கறைபடாதவர்க்கு நோயில்லை என்று கணக்கெடுப்பவர் எழுதிக்கொண்டு போவது பிழையாகும்.

நல்கொண்டாவின் வளைந்த கால்கள்

1973-ஆம் ஆண்டில் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரி, கமலா கிருஷ்ணசாமி ஆகிய இருவரும் நல்கொண்டா பகுதியில் புதியதொரு தோற்றத்தைக் கண்டு 'லான்செட்' இதழில் எழுதினர். பிள்ளைகளின் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்து ஒன்றோடொன்று இடித்தன. நாகார்ஜுன சாகர் அணைக்கு 1955-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. அணை 1967-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அணை நீரின் கசிவால் அருகிலுள்ள நிலங்களில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. மண்ணின் காரத்தன்மை கூடியது. அம்மண்ணில் விளைந்த சோளத்தில் மாலிப்டினம் என்னும் தாது மிகுந்தது. மாலிப்டினம் உடலிலுள்ள செம்பை வெளியேற்றும் இயல்பினது. செம்பு குறைந்த எலும்பு மேலும் நலிகிறது. சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளே இவ்வாறு பாதிக்கப்பட்டனர் என்பது அந்நிறுவனத்தாரின் விளக்கம்.

பொருளாதார மாணவர்க்கு இதில் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அணையின் பயன்–செலவுக் கணக்கில் நீர் பெற்ற ஏக்கர்களும் விளைந்த நெல்லும் இடம்பெற்றன. மண்ணின் காரத்தன்மை எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை. அதைவிட வியப்பானது, கிருஷ்ணை நீர் கால்வாய் வழியே வயல்களுக்குச் சென்றுகொண்டிருந்த அதே மாவட்டத்தில் மர்ரிகூடா, முனுகோடு, சண்டூர்ப் பகுதி மக்கள் பல பத்தாண்டுகள் புளோரைடு நீரையே குடித்துக்கொண்டிருந்தனர். பாசனம் ஒரு துறை, குடிநீர் வேறொரு துறை என்று கோப்புகள் பிரிந்து கிடந்தன.

கிணற்றின் ஆழமும் நோயும்

புளோரைடு எங்கிருந்து வருகிறது? தொழிற்சாலைக் கழிவிலிருந்து வருவதன்று. பெரும்பாலும் பாறையிலிருந்தே வருகிறது. தக்காணப் பீடபூமியின் கருங்கற் பாறைகளில் புளோரைடு கொண்ட தாதுக்கள் இயற்கையாகவே உள்ளன. மழை குறைந்து நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும்போது அவை கரைகின்றன. நீரில் கால்சியம் குறைந்து, சோடாவின் காரம் மிகுந்திருந்தால் கரைவது மேலும் கூடுகிறது. சுவையாலோ நிறத்தாலோ மணத்தாலோ இதைக் கண்டுகொள்ள முடியாது. தெளிந்து, நாவுக்கு இனிதாக இருக்கும் நீரிலும் அது இருக்கலாம். காய்ச்சினால் நீங்காது, நீர் ஆவியாகி அளவு சற்றுக் கூடவே செய்யும். 'தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்னும் நல்லுரை இங்கே பயனற்றது என்பதைச் சுகாதாரப் பணியாளர்களே பல இடங்களில் உணர்ந்திருக்கவில்லை.

1966–67 பீகார் வறட்சிக்குப் பின், யுனிசெப் நிறுவனத்தின் துணையோடு பாறையைத் துளைக்கும் விரைவுப் பொறிகள் நாட்டுக்கு வந்தன. 1972–73-ஆம் ஆண்டில் மத்திய அரசு விரைவு ஊரகக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கியது. 1970-களின் பிற்பகுதியில் 'இந்தியா மார்க் 2' கைபம்பு வந்தது. 250 பேருக்கு ஒரு கைபம்பு என்பது அளவுகோலாயிற்று. இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. திறந்த குளத்தையும் படிக்கிணற்றையும் நம்பியிருந்த ஊர்களில் காலராவும் வயிற்றுப்போக்கும் தணிந்தன. நரம்புச் சிலந்தி நோய் நாட்டைவிட்டே ஒழிந்தது. 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்நோய் நீங்கிய நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. ஆனால் கிருமியை நோக்கிய பார்வையில் தாதுப்பொருள் தப்பிவிட்டது. பழைய திறந்த கிணறுகளிலும் புளோரைடு உண்டு. நெல்லூரில் 1937-இல் கண்டது அத்தகைய கிணறுகளைத்தான். எனினும் பாசனத்திற்காக நீர் இறைக்க இறைக்க, மேல்மட்ட நீர் வற்றி, ஒவ்வொரு வறட்சியிலும் துளை மேலும் கீழே இறங்க, பாறையோடு நெடுநாள் உறவாடிய நீர் மேலும் பல ஊர்களின் குடங்களுக்குள் வந்து சேர்ந்தது.

ஒரே ஊரில் ஒரு தெருக் கைபம்பில் அளவு குறைந்தும், அடுத்த தெருவில் பன்மடங்கு கூடியும் இருப்பது உண்டு. பருவத்திற்கேற்பவும் மாறும். ஆகவே 'இவ்வூர் நீர் நல்லது' என்று மொத்தமாகச் சான்று தருவது அறிவியலுக்கு ஒவ்வாதது. ஒவ்வொரு நீர் ஆதாரத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

எவ்வளவு வரை தாங்கலாம்?

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வகுத்துள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டும் அளவு 1.5 மில்லிகிராம், ஆனால் தட்பவெப்பத்தையும் மக்கள் குடிக்கும் நீரின் அளவையும் கருதி நாடுகள் தமக்கேற்ப வகுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்நிறுவனமே கூறுகிறது.

இந்தக் குறிப்பு மிக முக்கியமானது. உடலைத் தாக்குவது நீரிலுள்ள செறிவு மட்டுமன்று. ஒரு நாளில் உட்செல்லும் மொத்த அளவு. லிட்டருக்கு 4 மில்லிகிராம் கொண்ட நீரை நிழலில் அமர்ந்து வேலை செய்பவர் நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் 8 மில்லிகிராம் சேரும். அதே நீரைக் கோடை வெயிலில் களை பறிப்பவரோ கல்லுடைப்பவரோ 5 லிட்டர் குடித்தால் 20 மில்லிகிராம் சேரும். அந்நீரில் சமைத்த உணவின் பங்கு தனி. பாலும் கீரையும் கால்சியமும் போதிய அளவு உண்பவர் உடலில் புளோரைடு குறைவாகவே ஏறும். கூலிக்காரர் உணவிலோ அவை அரிது. வசதியுள்ளவர் விலைக்கு வாங்கும் கேன் தண்ணீருக்கு மாறிவிடுகின்றனர். ஆக, கிணறு ஊருக்குப் பொதுவாயினும் நோய் பொதுவன்று. உழைப்பும் வறுமையும் மிகுந்த வீட்டையே அது தேடிச் செல்கிறது.

நோயை அறிதல்

தொடக்க நிலையில் இந்நோய் மூட்டு விறைப்பு, கழுத்து–இடுப்பு வலி, கைகால் மதமதப்பு, வயிற்று எரிச்சல், சோர்வு எனப் பொதுவான குறைகளாகவே தோன்றும். மருத்துவர் 'வாதம்' என்று கருதி வலிநிவாரணி கொடுத்தனுப்புவது இயல்பாக நிகழ்வதுதான். ஆனால் இதில் உள்ள தீங்கைப் பலர் எண்ணுவதில்லை. வலிநிவாரணிகளை நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடக் கூடும். புளோரைடை வெளியேற்றும் ஒரே பெருவழி சிறுநீரகமே. அது தளர்ந்தால் உடலில் தங்கும் புளோரைடு மேலும் கூடும். நோயாளி மாத்திரையை விழுங்குவதும் அதே கைபம்பின் நீரைக் கொண்டுதான்.

கிராமப் பணியாளர் கருவி எதுவுமின்றிச் செய்து பார்க்கத்தக்க மூன்று சோதனைகளை இத்துறையில் உழைத்தவர்கள் வகுத்துள்ளனர். அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராக இருந்த ஏ. கே. சுசீலா இவற்றைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட இயலுகிறதா? முகவாயை மார்பில் படும்படி தாழ்த்த இயலுகிறதா? கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கிப் பின்தலையைத் தொட இயலுகிறதா? இயலாதவர் அனைவரும் புளோரோசிஸ் நோயாளியர் அல்லர். ஆனால் ஒரே ஊரில் பலர் இவ்வாறு தடுமாறினால் முதலில் சோதிக்க வேண்டியது அவ்வூர் நீரை. பின்னர் சிறுநீரிலுள்ள புளோரைடையும் அளந்து, முன்கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஐயம் பெரும்பாலும் நீங்கும். முன்கையின் இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பது இந்நோயின் தெளிவான அடையாளம். முடக்குவாதத்தில் அவ்வாறு காண்பதில்லை.

நீரிலிருந்து புளோரைடை நீக்குதல்

நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் வகுத்த முறை 'நல்கொண்டா முறை' என்றே உலகெங்கும் பெயர் பெற்றது. படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் ஆகிய மூன்றையும் நீரில் இட்டு, முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் கலக்கி, கசடு அடியில் படிந்தபின் தெளிவை வடித்துக்கொள்வதே இம்முறை. வீட்டில் குழாய் பொருத்திய வாளியிலும் செய்யலாம். ஊருக்கு ஒரு தொட்டி அமைத்தும் செய்யலாம். பொருள்கள் எங்கும் கிடைப்பவை, விலை குறைந்தவை. ஆனால் படிகாரத்தின் அளவு நீரின் புளோரைடையும் காரத்தன்மையையும் பொறுத்து ஊருக்கு ஊர் மாறும். அளவு தவறினால் புளோரைடு நீங்காது. அல்லது அலுமினியம் நீரில் தங்கிவிடும். நாள்தோறும் சேரும் கசட்டை எங்கே கொட்டுவது என்பதும் கேள்வி.

இரண்டாவது முறை, செறிவூட்டிய அலுமினா மணிகள் நிறைந்த வடிகலத்தின் வழியே நீரைச் செலுத்துவது. இராஜஸ்தானத்திலும் ஆந்திரத்திலும் யுனிசெப் துணையோடு இது வீடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டது. மணிகள் சில மாதங்களில் ஆற்றல் இழக்கும். காரத்தாலும் அமிலத்தாலும் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது, இப்போது எங்கும் பரவியிருக்கும் ஆர்.ஓ. நிலையங்கள். இவை புளோரைடை நன்கு நீக்குகின்றன. ஆனால் உடலுக்கு வேண்டிய கால்சியத்தையும் சேர்த்தே நீக்குகின்றன. மேலும், உட்செலுத்தும் நீரில் கணிசமான பங்கைச் செறிந்த கழிவாக வெளியே தள்ளுகின்றன. வறண்ட ஊரில் அக்கழிவு மீண்டும் நிலத்திற்குள்ளேயே இறங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், தக்காணத்தின் வறண்ட மாவட்டம் ஒன்றில் கள ஆய்வுக்குச் சென்றிருந்தேன். அவ்வூரில் புளோரைடு நீக்கும் நிலையம் ஒன்று 'செயல்படுகிறது' என்று கோப்பில் இருந்தது. நேரில் பார்த்தபோது கதவின் பூட்டு துருவேறிக் கிடந்தது. உள்ளே தொட்டியில் வைக்கோல் அடுக்கியிருந்தனர். இயக்கி வந்தவருக்கு ஊதியம் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. என்னைச் சுற்றி நின்றவர்களுள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரைப் பின்னாலிருந்து யாரோ அழைத்தார்கள். அவர் கழுத்தைத் திருப்பவில்லை; கால்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி முழு உடலையும் திருப்பினார். அந்நிலையம் செயல்படுவதாக வந்த அறிக்கையை முந்தைய ஆண்டில் ஏற்று, அடுத்த தவணைக்குப் பரிந்துரைத்த குறிப்பில் என் கையொப்பமும் இருந்தது. நிலையம் கட்டப்பட்டதா என்று கேட்கும் படிவம் நம்மிடம் இருந்தது. அதில் சென்ற வாரம் எத்தனை குடம் நீர் எடுத்தனர் என்று கேட்கும் வரி இல்லை. மூலதனச் செலவுக்குத் தலைப்பு உண்டு. படிகாரத்திற்கும் கூலிக்கும் தலைப்பு தேடினால் கிடைக்காது. நல்கொண்டா முறை பல ஊர்களில் தோற்றதற்கு வேதியியல் காரணமன்று என்பது என் துணிபு.

அரசின் முயற்சிகள்

1986-ஆம் ஆண்டில் தொடங்கிய குடிநீர்த் தொழில்நுட்ப இயக்கம் புளோரைடை ஒரு தனிச் சிக்கலாக எடுத்துக்கொண்டது. பதினொன்றாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 2008–09-ஆம் ஆண்டில், புளோரோசிஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் தொடங்கப்பட்டு, 17 மாநிலங்களின் 100 மாவட்டங்களை நோக்கி விரிவாக்கப்பட்டது. மாவட்டந்தோறும் ஓர் ஆலோசகர், ஆய்வகப் பணியாளர், புளோரைடை அளக்கும் கருவி ஆகியவை அதன் அடிப்படை. 2017-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய நீர்த்தரத் துணை இயக்கம், ஆர்செனிக் அல்லது புளோரைடால் பாதிக்கப்பட்ட 27,544 ஊரகக் குடியிருப்புகளைக் கணக்கிட்டு அவற்றுக்கு நல்ல நீர் தர முனைந்தது. 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் ஒவ்வோர் ஊரக வீட்டுக்கும் நாளொன்றுக்கு ஆளுக்கு 55 லிட்டர் தரமான நீரைக் குழாய் வழியே தருவதை இலக்காகக் கொண்டது. முழு ஏற்பாடு முடியும் வரை, பாதிக்கப்பட்ட ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 8 முதல் 10 லிட்டர் தூய நீரைப் பொது நிலையத்தின் மூலம் தர வேண்டும் என்பது அதன் விதி.

இந்த விதி அறிவுடையது. குளிக்கவும் துவைக்கவும் புளோரைடு நீர் தீங்கன்று. தோல் வழியே அது ஏறுவதில்லை. தீங்கு வாய் வழியே மட்டும் வருவதால் சிறிய அளவு நல்ல நீரே பெரும் கேட்டைத் தடுக்கும். கூரையில் விழும் மழைநீரில் புளோரைடு கிடையாது. இராஜஸ்தான வீடுகளின் 'டாங்கா' என்னும் நிலத்தடித் தொட்டி பழைய வழக்கம்தான். ஆயினும் இதற்கு அதைவிட எளிய விடை அரிது.

நிலையான தீர்வு பெரும்பாலும் ஆற்று நீரே. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டு செல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் உருவாகி 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. அத்திட்டத்தின் பெயரிலேயே 'புளோரோசிஸ் தணிப்பு' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. தெலங்கானாவில் 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய 'மிஷன் பகீரதா' கிருஷ்ணை, கோதாவரி நீரை நல்கொண்டா உள்ளிட்ட மாவட்டங்களின் வீடுகளுக்குக் கொண்டு சென்றது. ஆனால் குழாய் வந்த வீட்டிலும் பழைய கைபம்பைக் கைவிடாதோர் உண்டு. குழாய் நீர் வராத நாளில் மட்டுமல்ல, 'ருசி பிடிக்கவில்லை' என்றும் பழைய நீரையே எடுக்கின்றனர். குழாயைத் திறந்து வைப்பதோடு கைபம்பில் 'குடிக்கத் தகாது' என்று வண்ணத்தால் எழுதி வைப்பதும் திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

ஏற்கெனவே முடங்கியோர்

நல்ல நீர் வந்தாலும் கல்லான தசைநார் இளகாது. பாதிக்கப்பட்டோர்க்குச் செய்யத்தக்கவை இல்லாமல் இல்லை. முதலாவது, புளோரைடு உட்செல்வதை உடனே நிறுத்துதல். நீருடன் கருப்புத் தேநீர், கறுப்பு உப்பு, பாக்கு ஆகியவற்றையும் குறைக்க வேண்டும்; இவற்றிலும் புளோரைடு உண்டு. வயிற்றுக் கோளாறும் சோர்வும் இதனால் சில வாரங்களிலேயே தணிவதைக் காண்கிறோம். எலும்பில் சேர்ந்ததும் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் குறையும். இரண்டாவது, கால்சியமும் வைட்டமின் சி-யும் டி-யும் உள்ள உணவு: பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய், காலை வெயில். குழந்தைகளிடம் இதன் பயன் மிகுதி. வளரும் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றலை முழுவதும் இழந்துவிடுவதில்லை. மூன்றாவது, இயன்முறைப் பயிற்சி. விறைத்த மூட்டை வலி தாங்கும் அளவில் நாள்தோறும் அசைப்பதால் எஞ்சியுள்ள இயக்கம் காக்கப்படும். தண்டுவடம் நசுங்கிய சிலர்க்கு அறுவை சிகிச்சை உதவும். ஆனால் அடர்ந்த எலும்பை வெட்டுவது எளிதன்று, எல்லோர்க்கும் கிட்டுவதுமன்று.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. புளோரோசிஸ் அதில் பெயரிட்டுக் கூறப்படவில்லை. உடலியக்கக் குறைபாடு என்ற வகையில்தான் சான்று பெற வேண்டும். அதற்காக, கழுத்தும் முதுகும் வளையாத ஒருவர் மாவட்டத் தலைநகரிலுள்ள மருத்துவக் குழுவின் முன் பேருந்தேறிச் சென்று நிற்க வேண்டியிருக்கிறது. குழு மாதம் ஒரு முறை பாதிக்கப்பட்ட வட்டாரத்திற்கே வந்தால் ஆகும் பயணப்படி பெரிய தொகையன்று.

இறுதியாக, மதிப்பீடு பற்றி ஒரு யோசனை. குழாய் இணைப்புகளின் எண்ணிக்கை நீர் குடிக்கப்பட்டதா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லும் ஏடு பிள்ளைகளின் வாயிலேயே இருக்கிறது. மேல் முன்பற்கள் ஏழு, எட்டு வயதில் முளைக்கின்றன. 2019–20-ஆம் ஆண்டில் நல்ல நீர் வந்ததாகக் கணக்கில் உள்ள ஊரில், அவ்வாண்டில் பிறந்த குழந்தைகளின் முன்பற்களை 2027-ஆம் ஆண்டு வாக்கில் பார்க்கலாம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி, பல்லில் படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு ஆசிரியர் ஒருவரே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். அவர்களுடைய அண்ணன், அக்காளின் பற்களையும் உடன் பார்த்து ஒப்பிட வேண்டும். ஒரு பள்ளிக்கு ஒரு முற்பகல் போதும்.